பொது மன்னிப்பு வாசித்தவள்

லுத்ரேனியாவில் எட்டு மணிச் செய்தியை யாரும் கேட்பதில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அது அலறும். சத்தம் குறைந்தால் குடியிருப்புக் காவலர் வந்து கதவைத் தட்டுவார் என்பதால், தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். காதில் விழுவதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வது அங்கே எல்லோருக்கும் கைவந்த கலை. உருளைக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கிறது என்று இல்மேரா வாசித்தால், மறுநாள் விடியுமுன்பே கடை வாசலில் வரிசை நீளும். துறைமுகப் பாலம் உறுதியாக இருக்கிறது என்று அவள் வாசித்த வாரம் ஊரே சுற்றுவழியில் போய் வந்தது. பாலம் விழுந்தபோது அதன்மேல் ஒரு நாய்கூட இல்லை.

ஆகவே, அரசுத் தொலைக்காட்சியின் மூத்த செய்தி வாசிப்பாளரான இல்மேராவுக்கு மனசாட்சி பெரிதாக உறுத்தியதில்லை. ஏமாற ஆளில்லாத பொய் யாரை என்ன செய்துவிடும் என்பது அவள் வாதம். கணவன் இறந்தபின் அவள் தனியாக வளர்த்த பிள்ளை வால்தோவுக்கும் அந்தப் பாடம் பிசகாமல் ஏறியிருந்தது. நாளை நல்ல வெயில் என்று அம்மா வாசித்தால், குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை அவன்.

அந்தப் பிள்ளைதான் கால்நடை மருத்துவம் படிக்கப் போன இடத்தில் சும்மா இருக்க மாட்டாமல், தலைவரின் படத்துக்கு மாட்டுக்கொம்பு வரைந்து கல்லூரிச் சுவரில் ஒட்டித் தொலைத்தான். கூட இருந்தவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இவன் மட்டும் மீன்பிடிப் படகொன்றில் ஒளிந்து நீரிணையைக் கடந்து அக்கரை நாட்டுக்குப் போய்விட்டான். அங்கே ரொட்டி சுடும் இடத்தில் வேலை செய்கிறான் என்பது யார் யார் வாய் வழியாகவோ வந்த செய்தி. கடிதம் போட வழியில்லை, தொலைபேசிக்கும் வழியில்லை. ஆனால் அக்கரையிலும் லுத்ரேனியத் தொலைக்காட்சி தெரியும். பிள்ளை பார்ப்பான் என்றுதான் இல்மேரா தினமும் தலையைப் படிய வாரிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு பிடிப்பு இல்லை.

மூன்று வருடம் இப்படிப் போன பிறகு பொது மன்னிப்பு வந்தது. நாட்டை விட்டு ஓடியவர்கள் குளிர்காலத்துக்குள் திரும்பினால் அவர்கள்மேல் ஒரு கேள்வியும் இருக்காது என்றது அறிக்கை. செய்திப் பிரிவின் தலைவர் ஓட்ராக் அதைத் தானே எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்கு வந்தார்.

"இல்மேராம்மா, இதை நீங்கதான் வாசிக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. பையன் அந்தப் பக்கம் இருக்கறவங்க வாசிச்சாதானே எடுபடும்?"

திரும்பி வருகிறவர்களை அடைப்பதற்காகப் பழைய சர்க்கரை ஆலையில் கம்பி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தக் கட்டடத்தில் தேநீர் ஊற்றுபவருக்குக்கூடத் தெரியும். அவள் ஒதுங்கியிருக்கலாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது அங்கே பழகிய வழி. எல்லோருக்கும் எப்போதாவது தொண்டை கட்டும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இல்மேரா யோசித்தாள். இதை யார் நம்பப் போகிறார்கள்? வால்தோவாவது நம்புவதாவது. இதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிப்பான், மன்னிப்பு என்று அம்மா சொன்னால் தூக்குக் கயிறு என்று அர்த்தம் என்பான். இதற்குப் போய்த் தொண்டைக்கட்டு என்ற சாக்கை வீணாக்குவானேன் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

வாசித்தாள். அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது: உங்கள் தாய்மார்கள் மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவள் வாசித்தவற்றில் பொய் கலக்காத வரி அது ஒன்றுதான். குரல் தழுதழுத்துவிட்டது. எழுதியவன் எந்தப் பாவியோ, அவனுக்கு ஒரு தாய் இருந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் ஓட்ராக் ஓடி வந்து, அசத்திவிட்டீர்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கையை உருவிக்கொண்டு கழிவறைக்குப் போய் அழுதாள்.

அவள் போட்ட கணக்கில் ஒன்று பிசகிப் போயிருந்தது. வால்தோ மூன்று வருடமாக வேறு மனிதர்களோடு இருந்தான். மழை வரும் என்று செய்தியில் சொன்னால் குடை எடுத்துக்கொள்ளும் மனிதர்கள் அவர்கள். சொல்வதைச் சொன்னபடியே கேட்கும் பழக்கம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல பழக்கம்தான். லுத்ரேனியாவுக்குத்தான் ஆகாது.

இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் முதல் கப்பல் வந்தது. துறைமுகப் படம் திரையில் ஓட, இல்மேரா நேரலையில் வரவேற்புரையை வாசித்துக்கொண்டிருந்தாள். இறங்கி வருகிறவர்கள் கையில் சிறுமிகள் பூங்கொத்துக் கொடுத்தார்கள். தாடி வைத்த ஒருவன் பூவை வாங்கிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்துக் கையசைத்தான். அவன் வால்தோ. தாய்நாடு தன் பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறது என்ற வாக்கியத்தின் நடுவில் இருந்தாள் அவள். அதை முடித்தாள். அடுத்ததையும் வாசித்தாள். எப்படி வாசித்தோம் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மூத்த வாசிப்பாளர் என்ற சலுகையில் ஒருமுறை பார்க்க அனுமதி கிடைத்தது. சர்க்கரை ஆலையின் எடைமேடை இருந்த அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரோரமாக ஒரு காவலன் நின்றான். வால்தோவின் தாடியை மழித்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவன்தான் முதலில் சமாதானம் சொன்னான்.

"அழாதேம்மா. நீ வாசிச்சதாலதான் வந்தேன். உன் குரல் ஒடஞ்சுதே, அது நடிப்புல வராது. எனக்குத் தெரியாதா?"

கூட இருந்தவர்கள் தயங்கினார்களாம். ரொட்டிக்கடையில் ஒன்றாக வேலை பார்த்த ஒரு தம்பதி, கைக்குழந்தைக்காரர்கள், வேண்டாம் என்றுதான் சொன்னார்களாம். எங்கம்மா என்னைக் கூப்பிட்டுப் பொய் சொல்ல மாட்டாள் என்று இவன்தான் அடித்துச் சொல்லி அவர்களையும் கப்பலேற்றியிருக்கிறான். இப்போது அவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். குழந்தையை மட்டும் எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றான். "உன்னையும் ஏமாத்திட்டாங்கல்ல? இது பொய்னு உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது என்று சொல்வது அவளுக்கு எத்தனை சுலபம். முகம் மாறாமல் சொல்லியிருப்பாள். அவனும் நிம்மதியாக இருந்திருப்பான். ஆனால் அந்தக் குழந்தையை நினைத்ததும் அவளுக்கு வாய் வரவில்லை. இனி இவனிடமும் செய்தி வாசிக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

"தெரியும்டா," என்றாள். "தெரிஞ்சுதான் வாசிச்சேன். நீ நம்ப மாட்டேன்னு நெனச்சேன்."

வால்தோ அவளைப் பார்த்தான். பிறகு சுவரோரம் நின்ற காவலனைப் பார்த்தான். மெல்லத் தலையை ஆட்டினான்.

"இப்படிச் சொல்லச் சொல்லித்தான் உள்ள விட்டாங்களா?" என்றான், குரலைத் தாழ்த்தி. "நான் உன்னை வெறுக்கணும்னு. பரவாயில்லம்மா. நான் இதையெல்லாம் நம்ப மாட்டேன்."

இல்லை, இது உண்மை என்றாள் அவள். செத்துப்போன அப்பாமேல் சத்தியம் செய்தாள், அவன் தலைமேல் செய்தாள். அவள் சத்தியம் செய்யச் செய்ய அவன் முகத்தில் இரக்கம்தான் கூடியது. பாவம், அம்மாவை எப்படியெல்லாம் மிரட்டியிருக்கிறார்கள் என்று அவள் கையைத் தடவிக் கொடுத்தான்.

காவலன் நேரமாகிவிட்டது என்றான். வால்தோ எழுந்து, சட்டைக் கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டான்.

"மூஞ்சியக் கழுவிட்டுப் போம்மா. எட்டு மணிக்கு உக்காரணும்ல. இங்கயும் ஒரு டி.வி. வெச்சிருக்காங்க. தெனமும் உன்னைத்தான் பாக்கறேன்."