விஸ்வகர்மா பூஜையன்று பேக் செய்த இறால்

சௌந்தரராஜன் தமிழில் பேசத் தொடங்கியதுமே மாதங்கிக்கு எரிச்சல் வந்தது. கொல்கத்தாவில் இருந்த அந்த இறால் ஏற்றுமதித் தொழிற்சாலையில் அவர்தான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவள் அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் ஆய்வகத்திலிருந்து வந்திருந்தாள். சரக்கு கப்பல் ஏறுமுன் பதிவேடுகளைப் பார்த்து, மாதிரி எடுத்து, பெட்டிகளுக்கு முத்திரை வைப்பது அவள் வேலை. பத்து வருட அனுபவத்தில் அவள் கற்றிருந்தது ஒன்று: சோதனைக்குப் போன இடத்தில் யாராவது சொந்த ஊர் விசாரித்தால், ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர் விசாரித்தார். கொல்கத்தாவில் எந்தப் பக்கம் வீடு, குடும்பம் இங்கே வந்து எத்தனை தலைமுறை என்றெல்லாம் கேட்டார். அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினாள். எதிர் நாற்காலியில் முதலாளியின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். துர்கா பூஜை விடுமுறைக்கு முன் கன்டெய்னர் போயாக வேண்டும் என்று வங்காள மொழியில் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

பதிவேடு சுத்தமாக இருந்தது. இறால் வந்த நாள், உறைய வைத்த நாள், குளிர் அறையின் வெப்பநிலை எல்லாம் ஒழுங்காக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் சௌந்தரராஜன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஒழுங்கே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

"விஸ்வகர்மா பூஜைக்கு உங்க ஆபீஸ்ல லீவா மேடம்?" என்று சௌந்தரராஜன் கேட்டார். "இங்க அன்னைக்கு யாரும் மிஷினைத் தொட மாட்டாங்க. குளிர் ரூமைத் தவிர எல்லாத்துக்கும் கரண்டை நிறுத்திருவோம். பட்டம் விட்டுட்டு, கறிச்சோறு சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிருவோம்."

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பியபோதுதான் தேதி கண்ணில் பட்டது. செப்டம்பர் பதினேழு. நாலு டன் இறால் உறைய வைத்துப் பெட்டியில் அடைத்ததாகப் பதிவு. விஸ்வகர்மா பூஜையன்று.

நிமிர்ந்து பார்த்தாள். சௌந்தரராஜன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனருக்குத் தமிழ் தெரியாது; அவர் டீ வேண்டுமா என்று கேட்டார்.

இதிலும் அவளுக்குச் சந்தேகம்தான். கையெழுத்துப் போட்டவரே ஏன் காட்டிக் கொடுக்க வேண்டும்? தன்னை எதிலாவது மாட்டிவிடப் பார்க்கிறாரோ? ஆனாலும் எழுந்து, குளிர் அறைக்குப் போக வேண்டும் என்றாள். ஆட்கள் முன்வரிசையிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். எந்தப் பெட்டியை எடுப்பது என்பதை, சோதிக்க வந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. பின்சுவரை ஒட்டிய அடுக்கிலிருந்து எடுக்கச் சொன்னாள். மைத்துனர் குரலை உயர்த்தினார். விதி எழுதிய தாளை எடுத்து நீட்டியதும் அடங்கினார்.

மூன்றாவது பெட்டியின் ஸ்டிக்கர் தடித்திருந்தது. நகத்தால் கீறியபோது அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அந்த எண் அவள் கையிலிருந்த பட்டியலில் இருந்தது. பண்ணையில் இறாலுக்குப் போடும், தடை செய்யப்பட்ட மருந்தின் எச்சம் இருப்பதாக மே மாதம் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு அது; அதையே செப்டம்பரில் புதிதாக அடைத்ததாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். அங்கேயே படம் எடுத்து, மாதிரிகளுக்கு முத்திரை வைத்து, கன்டெய்னரை நிறுத்தி வைக்கும்படி எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆய்வக மேலாளர் சந்தீப் அவளைக் கூப்பிட்டார். தொழிற்சாலையிலிருந்து புகார் வந்திருப்பதாகச் சொன்னார். அவளும் சௌந்தரராஜனும் ஒரே மொழிக்காரர்கள், பேசி வைத்துக்கொண்டு செய்த வேலை என்று எழுதியிருந்தார்கள். அவரை முன்பே தெரியுமா என்று சந்தீப் இரண்டு முறை கேட்டார். அவள் இரண்டு முறையும் இல்லை என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மாதிரிகளில் மருந்து எச்சம் இருந்தது; அதை யாராலும் மாற்ற முடியவில்லை. கன்டெய்னர் போகவில்லை. சௌந்தரராஜனுக்கு வேலை போயிற்று.

தீபாவளி கழிந்து ஒருநாள் மாலை, கரியாஹாட் சந்தையில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே அவரைப் பார்த்தாள். முதலில் விலகிப் போகத்தான் நினைத்தாள். அவரும் விலகப் பார்ப்பவர் போலத்தான் நின்றார். பிறகு அவளே கிட்டே போய், நேராகச் சொல்லியிருக்கலாமே, எதற்குச் சுற்றி வளைத்தீர்கள் என்று கேட்டாள்.

"சொன்னேம்மா" என்றார். "திரும்பி வந்த சரக்கை மறுபடி அனுப்பப் போறாங்கன்னு ஜூலையிலேயே உங்க ஆபீஸுக்குப் பேர் போடாம லெட்டர் எழுதினேன். ரெண்டு நாள்ல அந்த லெட்டர் எங்க முதலாளி மேஜையில கிடந்துச்சு. எழுதினது யாருன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிச்சாரு. அப்புறம் அங்க நான் யாரை நம்புறது? உங்களையும்தான் நம்பல. பூஜையைப் பத்திப் பேசினா, புரிஞ்சுக்கறவங்க புரிஞ்சுக்கட்டும், புரியலேன்னா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு பேசினேன்."

பொய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது ஏன் என்று அவள் கேட்டாள். பெண்ணுக்கு நர்சிங் கடைசி வருஷம் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அவள் அந்தக் கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்துக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பவர்கள் மூன்றே பேர். அடுத்த நாள் மதிய உணவு நேரத்தில் கடித வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். ஜூலை இருபத்திரண்டு, பெயரில்லாத கடிதம் ஒன்று, பெற்றுக்கொண்டவர் சந்தீப். கோப்பு எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாள். அங்கீகாரம் தரும் அரசுத் துறைக்குத் தன் பெயரைப் போட்டே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அதன் பிறகு ஒரு மாதம் அலுவலகத்தில் யார் சிரித்தாலும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஃபோனை மேஜைமேல் வைப்பதை விட்டுவிட்டாள். டிசம்பரில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, சந்தீப்பின் அறையில் மூன்று மணி நேரம் இருந்தார்கள். இடையில் சந்தீப் வெளியே வந்தார். நேராக அவள் மேஜைக்கு வந்து, எழுதியது யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் மாதங்கி.

அதிகாரிகள் கூப்பிட, அவர் உள்ளே போனார். ஜனவரியில் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். புதியவர் நல்லவராகத்தான் தெரிந்தார். முதல் நாளே அவளிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்தார்.