ஹெரிங் தட்டைக் கொட்டியது யார்

எழுந்து பல் துலக்குவேன். கேத்திலில் தண்ணீர் வைப்பேன். சவரம் செய்வேன். விமலாதேவி அன்ரி முதல் நாள் கொண்டுவந்து வைத்த புட்டை மைக்ரோவேவில் சூடாக்கி நின்றபடியே சாப்பிடுவேன். சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பேன். என் மனைவி நிரஞ்சினி செத்து மூன்று வாரமாகிறது. அலுவலகம் இரண்டு வாரம் லீவு தந்தது. அது முடிந்ததும் மறுபடி தண்ணீர்க் குழாய் வரைபடங்கள் போடத் தொடங்கிவிட்டேன்.

புட்டு சூடாகும்போது தொலைபேசி அடிக்கும். தினமும் அடிக்கும். ஒரு நாள் மிஸ்டர் வைன்பெர்க், மறு நாள் மிஸஸ் ஜெல்மன்.

நிரஞ்சினி நூலகர். போலந்தின் ஒரு சிற்றூரிலிருந்து மெல்பேர்னுக்கு வந்த யூதர்களுக்கு ஓர் ஊர்ச் சங்கம் இருந்தது. அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுத அவளை அமர்த்தியிருந்தார்கள். அந்த ஊரின் பெயரை நான் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. அவள் திருத்துவாள். நான் மறுபடி பிழையாகச் சொல்வேன்.

1930களில் வந்தவர்கள் கார்ல்டனில் நெருக்கமான வீடுகளில் இருந்தபடி தையல் வேலை செய்தார்கள். யாரோ ஒருவரின் குசினி மேசையில் சங்கம் தொடங்கியது. போரில் ஊரிலிருந்த யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பிய சிலர் நாற்பத்தொன்பதில் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு நினைவுக்கூட்டம் நடந்தது. செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள்.

1953இல், வாசித்து முடிந்ததும் சாப்பாடு போடலாமா என்று சண்டை வந்தது. வேலை முடிந்து பசியோடு வருகிறார்கள், போடத்தான் வேண்டும் என்றது ஒரு பக்கம். அந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டு எப்படித் தின்பது என்றது மறு பக்கம். தள்ளுமுள்ளில் ஹெரிங் மீன் தட்டு தரையில் கொட்டியது. அடுத்த ஆண்டு இரண்டு சங்கங்கள், இரண்டு மண்டபங்கள், ஒரே தேதி. அதே பெயர்களை இரண்டு இடத்தில் வாசித்தார்கள். பிறகு எல்லோரும் ஆற்றைக் கடந்து செயின்ட் கில்டாவுக்கும் கோல்ஃபீல்டுக்கும் வீடு மாறினார்கள். சண்டையையும் கூடவே கொண்டுபோனார்கள்.

நிரஞ்சினி இதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்து எங்கள் ஊர்ச் சங்கமும் மெல்பேர்னில் இரண்டுதான். அதற்குக் காரணம் இவ்வளவு பெரியதுகூட இல்லை.

புத்தகம் அச்சகத்தில் நிற்கிறது. ஒரு பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. தட்டைக் கொட்டியது யார்? மிஸஸ் ஜெல்மனின் கணவர் என்கிறார் ஒரு சங்கத்து வைன்பெர்க். வைன்பெர்க்கின் அண்ணன் என்கிறார் மற்றச் சங்கத்து மிஸஸ் ஜெல்மன். இரண்டு ஆண்களும் செத்துப்போனார்கள். இப்போது நிரஞ்சினியும் இல்லை. அவள் எப்படி எழுத நினைத்தாள் என்று நீங்கள் சொல்லுங்கள், அப்படியே அவள் பெயரில் போடுகிறோம் என்று அச்சகப் பொறுப்பாளர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

அவள் சொல்லாத ஒன்று அவள் பெயரில் அச்சாகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வைன்பெர்க் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆனால் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரின் அதே குரல். எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கும், மிஸஸ் ஜெல்மன் பேசுவதும் அப்படித்தான்.

"மிஸ்டர் நிரஞ்சினி, சாப்பிட்டிட்டீரோ?"

அவருக்கு என் பெயர் தெரியாது. இரண்டு தடவை சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன்.

"சாப்பிடுறன்."

"நல்லது. உம்மட மனுசி என்னட்டச் சொன்னவ, தட்டைக் கொட்டினது ஜெல்மன்தான் எண்டு எழுதப்போறா எண்டு. வடிவாச் சொன்னவ."

"எப்ப சொன்னவ?"

"அது எனக்கு ஞாபகமில்லை. எண்பத்தாறு வயசு. ஆனா சொன்னவ."

மறு நாள் மிஸஸ் ஜெல்மன்.

"அந்த ஆள் ஃபோன் எடுத்தவரோ?"

"ஓம்."

"பொய் சொல்லியிருப்பார். அவரின்ர தமையனும் அப்பிடித்தான். நிரஞ்சினி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவள், மிஸஸ் ஜெல்மன், உங்கட அவர் அப்பிடிச் செய்யக்கூடிய ஆள் இல்லை எண்டு."

நிரஞ்சினி யாருடைய கையையும் பிடித்துப் பேசுகிறவள் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் இருவரும் நிற்கிறார்கள். தனித்தனி டாக்சியில் வந்து ஒரே நேரத்தில் இறங்கியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. உள்ளே வந்து, ஒரு கதிரையை நடுவில் விட்டு, இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

யாரும் பேசவில்லை.

நானும் பேசவில்லை. வந்தவர்கள் அவர்கள், அவர்கள் தொடங்கட்டும். வைன்பெர்க் தன் கைத்தடியைப் பார்த்தார். மிஸஸ் ஜெல்மன் என்னையே பார்த்தார். நேரம் போனது. வாரம் முழுக்க என் புட்டை ஆறவைத்தவர்கள் வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் ஏறியது.

குசினியிலிருந்து விமலாதேவி அன்ரி எட்டிப் பார்த்தா. நிரஞ்சினியின் சின்னம்மா முறை.

"தம்பி, இவை என்ன, வாய் திறக்கினமில்லை? ஏதும் சண்டைக்கே வந்தவை?"

"தெரியேல்லை அன்ரி."

"போலிஸ் அலுவலோ?"

"எண்பது வயசில என்ன போலிஸ்."

கடைசியில் பொறுக்க முடியாமல் அவர்களிடம் கேட்டேன். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

மிஸஸ் ஜெல்மன் பெரிதாக மூச்சுவிட்டார். "அப்பாடா. துக்கம் காக்கிற ஆள்தான் முதல் கதைக்கவேணும். அதுவரைக்கும் வந்தவை வாய் திறக்கக்கூடாது. எங்கட முறை அது. நீர் எங்களோட வாயே திறக்கிறீரில்லை, நான் முதுகு நோவில சாகப்போறன்."

"ஃபோனில கதைச்சனீங்கள்தானே?"

"ஃபோன் வேற. இது வீடு," என்றார் வைன்பெர்க். அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. உடனே இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"உம்மட மனுசி என்னட்டச் சொன்னவ—"

"அந்த ஆளிட்டச் சொல்லும், நிரஞ்சினி என்னட்டச் சொன்னவள்—"

"அந்த அம்மாவிட்டச் சொல்லும், நான் அந்த மண்டபத்தில நிண்டனான் எண்டு."

"நான் மட்டும் வெளியிலயோ நிண்டனான்? என்ர சப்பாத்தில மீன் ஒட்டிக்கிடந்தது!"

அன்ரி தேநீரோடு வந்தா. ஆங்கிலம் அரைகுறை என்றாலும் 'நிரஞ்சினி சொன்னாள்' என்பது அவவுக்கு விளங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

"எனக்கும்தான் சொன்னவள், தம்பி. கடைசியா ஃபோனில கதைக்கேக்க. புத்தகம் முடியட்டும் அன்ரி, பிறகு ஒரு பிள்ளை பெறவேணும் எண்டு சொன்னவள்."

இதை இன்றுதான் கேட்கிறேன். அவள் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருக்கவும் கூடும். இனிக் கேட்க முடியாது.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். தமிழிலா ஆங்கிலத்திலா என்று நினைவில்லை. மூவரும் நிறுத்தினார்கள்.

"தட்டைக் கொட்டினது ஆர் எண்டு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா எழுதியிருப்பாள். அந்த இடம் வெறுமையாத்தான் அச்சாகும். நான் அப்பிடித்தான் அச்சகத்துக்கு எழுதப்போறன். அவள் சொன்னாள், சொன்னாள் எண்டு இனி ஆரும் என்னட்டச் சொல்லவேண்டாம். அவள் கடைசியாச் சொன்னது எனக்குத் தெரியும். நான் மட்டும்தான் கேட்டனான்."

வைன்பெர்க் தேநீரை எடுத்தார். குடிக்கவில்லை.

மிஸஸ் ஜெல்மன் மெல்லக் கேட்டார். "எங்களைப் பற்றியோ?"

"ஓம்."

"சொல்லும். நாங்கள் கனக்கக் கேட்ட ஆக்கள்."

அவள் விழுவதற்கு முதல் நாள் இரவு இருவருமே அவளை ஃபோனில் பிடித்து ஒரு மணி நேரம் தின்றிருந்தார்கள். காலையில் நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை. அவள் வாசலில் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்து மாட்டிக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள். அன்று கோல்ஃபீல்ட் ஸ்டேஷனில் மயங்கி விழுந்தபோது பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவில்லை. ஆகவே இதுதான். அவள் சொன்னபடியே தமிழில் சொன்னேன்.

"கிழவனுக்கும் விசர், கிழவிக்கும் விசர். அதுகளை எழுதப்போன எனக்கும் விசர். போயிட்டு வாறன்."