இருபத்தொன்பதாவது நாள்

காலையில் தையல் மிஷினின் உறையைக் கழற்றும்போதே அம்மா கேட்டுவிடுவாள். "எரியுதா?"

எலி வாயில் பிரஷ்ஷோடு போனைத் திறந்து பார்ப்பாள். "எரியுதும்மா" என்பாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பொழுது விடியும். அம்மா ஊசியில் நூல் கோப்பாள். எலி குளித்துவிட்டு லேபுக்குக் கிளம்புவாள். ஏழு மாதமாக இப்படித்தான்.

எரிவது ஒரு விளக்கு. கையால் தொடக்கூடிய விளக்கு இல்லை, ஓர் இணையதளத்தின் முதல் பக்கத்தில் வரைந்து வைத்த விளக்கு. எலி என்பதும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. தண்ணீர்ச் சோதனை லேபில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, "லேப்னா எலி வேணுமில்ல, நம்ம வீட்லேர்ந்தே ஒண்ணு போகுது" என்று அண்ணன் வைத்தது. நாலு பேர் நிற்கும் இடத்தில் சுவரோரமாகவே நடக்கிறவளுக்கு அந்தப் பெயர் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

அந்த இணையதளம் அண்ணனுடையது. எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு அவன் கிடங்கு வேலைக்குக் கிளம்பினான். கிடங்குக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. போன் அவன் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

'ஒன்பது கலங்கரை' என்று ஒரு பழைய கேம். அதைச் செய்த கம்பெனியைக்கூட மூடிவிட்டார்கள். அதில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு படகு, சில சாவிகள், உடைந்த கண்ணாடி, கடல் ஏறி இறங்கும் நேரம் எழுதிய ஒரு தாள். இவற்றை வைத்துக்கொண்டு ஒன்பது தீவுகளில் ஒன்பது கலங்கரை விளக்குகளை ஏற்ற வேண்டும். பதினாறு வயதில் அண்ணன் அதில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பிறகு அதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கினான். வரைபடங்கள், மாட்டிக்கொண்டவர்களுக்குக் குறிப்புகள், வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு வருகைப் புத்தகம். எப்போது பார்த்தாலும் உலகம் முழுக்க நாற்பது ஐம்பது பேர் அதில் உலாவிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அவன் பெயர் விளக்குக்காரன்.

குறிப்புகளை அவன் நேரடியாகச் சொல்ல மாட்டான். ஒவ்வொரு புதிருக்கும் கீழே மூன்று பொத்தான்கள் இருக்கும். 'லேசாகக் காட்டு.' 'கொஞ்சம் காட்டு.' 'தோற்றேன், சொல்லிவிடு.' ஆறாவது தீவின் சாவி எங்கே என்று தெரியாமல் தவித்த ஒருவன் மூன்றாவது பொத்தானை அழுத்தினால், 'சட்டைப் பையைப் பார், மடையா. மூன்றாம் தீவிலேயே எடுத்துப் போட்டுக்கொண்டாய்' என்று வரும். எலி அந்த கேமை ஒரு முறை முழுக்க ஆடியிருக்கிறாள். மூன்றாவது பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தியதில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

கேமில் ஒரு விதி உண்டு. ஒரு விளக்கை ஏற்றி முப்பது நாளுக்குள் மறுபடி ஏற்றாவிட்டால் அது அணைந்து, தீவே இருண்டுபோகும். அண்ணன் அந்த விதியைத் தன் தளத்துக்கும் கொண்டுவந்தான். பராமரிப்பவர் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய் ஏற்றினால்தான் முதல் பக்கத்து விளக்கு எரியும். முப்பது நாள் யாரும் ஏற்றாவிட்டால் பக்கம் கறுத்துவிடும். கடைசியாக ஏற்றிய தேதி விளக்கின் அடியில் பொடி எழுத்தில் தெரியும். பதினோரு வருஷத்தில் அது ஒரு நாளும் அணைந்ததில்லை.

அவன் போன முப்பதாவது நாள், தேதியைப் பார்த்தவள் எலிதான். முந்தின நாள் தேதி இருந்தது. அறிவியல் படித்த பெண். அவள் மனசு தானாகக் கணக்குப் போட்டது. விளக்கை ஏற்ற உள்ளே போக வேண்டும். உள்ளே போக பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் அண்ணனுக்குத்தான் தெரியும். ஆகவே அண்ணன் உயிரோடு எங்கேயோ இருக்கிறான். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மிதியை நிறுத்தாமலே, "குடைய எடுத்துட்டுப் போனவன்டி. மழைக்குப் பயந்தவன் சாவானா?" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அதற்கப்புறம் எலி அண்ணனின் சொந்த முகவரிக்குத் திரும்பத் திரும்ப மெயில் போட்டாள். பதில் இல்லை. வருகைப் புத்தகத்தில் எழுதலாம்தான். ஆனால் அதை முகம் தெரியாதவர்கள் படிப்பார்களே என்று கை வரவில்லை. கோபம் தீர்ந்ததும் வருவான் என்று தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள். என்ன கோபம் என்று இருவருக்கும் தெரியாது.

நாலாவது மாதம், காணவில்லை என்று இவர்கள் எழுதிக் கொடுத்திருந்த ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஏரி மதகில் ஓர் உடல் ஒதுங்கியிருந்ததாம். ரொம்ப நாளான உடல், முகம் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, தாயார் ரத்தம் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றார். கூடக் கிடந்த பொருள்களின் பட்டியலையும் படித்தார். அதில் கறுப்புக் குடை ஒன்று இருந்தது.

"கறுப்புக் குடை யார் வீட்ல இல்ல?" என்றாள் அம்மா. "உயிரோட இருக்கறவனுக்கு நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?"

அன்றைக்கு எலி செய்த காரியம்தான் பிற்பாடு அவளைப் போட்டு அறுத்தது. யார் முன்னாலும் வாய் திறக்காதவள் அன்று திறந்தாள். போனை நீட்டி விளக்கையும் தேதிகளையும் காட்டி எல்லாம் விளக்கினாள். தளமோ குளமோ, அவருக்கு வேலை மிச்சம். 'வயது வந்தவர், சுயவிருப்பத்தில் வெளியேறியிருக்கலாம்' என்று எழுதிக்கொண்டார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, அந்த உடலை இன்னும் ஒரு வாரத்தில் நம்பர் போட்டுப் புதைத்துவிடுவார்கள், ஒரு எலும்புத் துண்டு மட்டும் எடுத்து வைப்பார்கள், மனசு மாறினால் வாருங்கள் என்றார். மனசு மாறவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எட்டாவது மாதம் லேபில் ஒரு தப்பு நடந்தது. அங்கே தினமும் ஊர்த் தண்ணீரை வடிகட்டி, சின்னச் சின்ன வட்டத் தட்டுகளில் வைத்து, ஒரு நாள் சூட்டில் விட்டு, முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள். கூடவே கொதிக்கவைத்து ஆற்றிய சுத்தத் தண்ணீரில் ஒரு தட்டும் வைப்பார்கள். அது வெற்றுத் தட்டு. அதில் ஒன்றுமே முளைக்கக் கூடாது. அன்று எலியின் வெற்றுத் தட்டில் மஞ்சளாக ஒரு புள்ளி முளைத்திருந்தது.

லேபில் பெரியவளான சீனியர் அக்கா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "போச்சு. நாப்பது தட்டும் குப்பை. தண்ணிமேல பழிபோடாத. முதல்ல யார் கை பட்டுச்சுன்னு கேளு."

எலி நாற்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் போட்டாள். இருபதாவது தட்டிலோ எதிலோ கை நின்றுவிட்டது. அண்ணன் வீட்டில் இருந்தவரை விளக்கைத் தினமும் ஏற்றுவான். சில நாள் சாப்பிட்ட கையோடு இரண்டு தடவை. போன பிறகு விழுந்த தேதிகள் அப்படி இல்லை. இருபத்தொன்பது நாளுக்கு ஒன்று, அச்சு மாறாமல். ஏழு தேதிகள் அவளுக்கு மனப்பாடம். ஆனால் யார் கை என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, முதல் தடவையாக வருகைப் புத்தகத்தில் எழுதினாள். 'நான் விளக்குக்காரனின் தங்கை. இந்த விளக்கை இப்போது ஏற்றுவது யார்?' டிபன் டப்பாவை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுதியவன் பெயர் நண்டு. அண்ணன் அடிக்கடி சொல்கிற பெயர்தான், தளத்தின் படங்களையெல்லாம் வரைந்தவன். போன் நம்பர் கொடுத்து, உடனே பேசு என்று எழுதியிருந்தான்.

நண்டு ஒரு லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ தூரத்து ஊரில், பின்னால் இரும்புச் சத்தம் கேட்க, மூச்சு வாங்கப் பேசினான். "எலியா? நீதானாம்மா அந்த எலி? வாய்க்குள்ளயே பேசும்னு சொல்வான். எங்க அவன்? என்னையே மறந்துட்டு எங்க போய் உக்காந்திருக்கான் மகாராஜா?"

எலி கேட்டாள். "எல்லாத் தடவையும் நீங்கதான் ஏத்தினீங்களாண்ணா?"

"ஆமாம்மா. ஆரம்பத்துலேர்ந்தே எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். அவன் வருவான் வருவான்னு இருபத்தொம்பது நாள் பாப்பேன். அதுக்கு மேல மனசு கேக்காது, ஏத்திடுவேன். ஒருத்தன் ஏத்தலன்னா இன்னொருத்தன் சத்தமில்லாம ஏத்திட்டுப் போகணும், அதானே எங்க வழக்கம். கேள்வி கேக்கக் கூடாது." சிரித்தான். "கடைசியா பேசினப்போகூட, 'இந்த வாட்டி விட்டுர்றா நண்டு, அணைஞ்சா என்ன ஆகுதுன்னு பாப்போம்'னான். சோம்பேறிப் பய. நான் விடுவேனா?"

எலி சொன்னாள். குடை, மதகு, நம்பர் போட்டுப் புதைத்தது, எல்லாம். மறுமுனையில் நண்டு, "ஐயோ, நான் என்னம்மா பண்ணிட்டேன்" என்றான். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், வேண்டுமானால் ஆயுசு பூராவும் ஏற்றிக்கொண்டே இருக்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். அடுத்த இருபத்தொன்பதாவது நாள் நாளன்றைக்கு வருகிறது.

சரி என்று சொல்லிவிட்டால் போதும். அம்மா தினமும் கேட்பாள், இவள் தினமும் எரியுது என்பாள். வீட்டில் பொழுது விடியும்.

"வேண்டாண்ணா" என்றாள். "ஏத்தாதீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, இருபத்தொன்பதாவது நாளும் எரியுதும்மா என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனாள். தான் சொல்ல வேண்டியதை விளக்கே சொல்லிவிடட்டும் என்று விட்டுவிட்டாள். கோழைத்தனம்தான். அவளுக்கும் தெரியும்.

முப்பதாவது நாள் காலை அம்மா சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள். "எரியுதா?"

எலி போனைத் திறந்தாள். பக்கம் முழுக்கக் கறுப்பு. விளக்கு இருந்த இடத்தில் 'தீவு இருண்டது' என்று ஒரு வரி. அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அண்ணன் போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் தேதி. அதன் கீழே மூன்று பொத்தான்கள்.

"இல்லம்மா" என்றாள். "அணைஞ்சிருச்சு. அண்ணன் ஏதோ எழுதி வெச்சிருக்கான்."

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். ஏற்றியது அண்ணன் இல்லை, நண்டு என்பதையும் எலி அப்போது சொன்னாள், மூன்றே வாக்கியத்தில். அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலி முதல் பொத்தானை அழுத்தினாள். 'எலி, நீதான் முதலில் பார்ப்பாய் என்று தெரியும். ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் கிடங்குக்குப் போகவில்லை.'

இரண்டாவதை அழுத்தினாள். 'ரொம்ப நாளாகவே முடியவில்லை. உங்களிடம் சொல்ல வரவில்லை. நீயும் அம்மாவும் ஒரு தப்பும் செய்யவில்லை.'

ஒரு மாதம். அவன் போட்ட கணக்கு ஒரு மாதம். நண்டு தளத்தின் மேல் வைத்த பாசம் அதை எட்டு மாதமாக்கிவிட்டது. அதற்குள் அவனை நம்பர் போட்டுப் புதைத்தும்விட்டார்கள், அதற்கு இவள்தான் போனை நீட்டிச் சாட்சி சொன்னாள்.

மூன்றாவது பொத்தானின் மேல் எலியின் விரல் நின்றது. இறங்கவில்லை.

அம்மா விரலை நீட்டி அழுத்தினாள். திரை அசையவில்லை. ஊசி குத்தாமலிருக்க மாட்டியிருந்த இரும்புத் தொப்பி விரலிலேயே இருந்தது. அதைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

'மதகுப் பக்கம் பார்க்கச் சொல். நீ போகாதே, அம்மாவையும் விடாதே, போலீசிடம் சொன்னால் போதும். குடையை எடுத்துக்கொண்டு போகிறேன். நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது. அம்மாவுக்கு வேறு குடை வாங்கிக் கொடு.'

எலி அதைச் சத்தமாகப் படித்தாள். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தாள்.

அம்மா திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதி தைத்த பொத்தானைத் தைத்து முடித்தாள். முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை நாலாக மடித்து வைத்தாள். மிஷினின் மேல் உறையை இழுத்து மூடினாள். காலை எட்டு மணிக்கு அவள் அதை மூடி எலி பார்த்ததில்லை.

"அந்த ரத்தம்" என்றாள் அம்மா. "எந்தக் கையில எடுப்பாங்க?"

"எந்தக் கையிலயும் எடுக்கலாம்மா."

அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு இடது கை ரவிக்கையின் விளிம்பை மேலே மடிக்கத் தொடங்கினாள்.