மூன்று மணி டெண்டர்

பன்னிரண்டரை மணிக்கு முருகேஸ்வரி கம்ப்யூட்டரைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு மணிக்கு நெட் கம்பெனிக்காரனைத் திட்டினாள். ஒன்றரைக்கு வேறு யாரும் அகப்படாமல் போகவே, பாவம், புருஷன் வேல்ராஜ் மாட்டிக்கொண்டான்.

"வயரை எலி கடிச்சிருக்கான்னு பாத்தியளா?"

"ரெண்டு தரம் பாத்தாச்சுளா."

"மூணாந்தரம் பாத்தா கண்ணு தேஞ்சா போவும்?"

அவன் மறுபடியும் மேஜைக்கு அடியில் குனிந்தான். வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பதினைந்து வருஷக் குடித்தனத்தில் தெரிந்துவைத்திருந்தான்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய சரக்குக் கம்பெனியில் தொழிலாளர் கேன்டீனுக்கு டெண்டர் விட்டிருந்தார்கள். இன்று மூன்று மணிக்குள் ஆன்லைனில் போட்டாக வேண்டும். பதினோரு வருஷமாக அந்தக் கேன்டீனில் வேகிறவர்கள் முருகேஸ்வரியும் இன்னும் ஐந்து பெண்களும். பெயரெல்லாம் காண்ட்ராக்டர் பேச்சிராஜாவுக்கு. குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் போதும், சாப்பிடுகிற அத்தனை ஆண்களுக்கும் முன்னால் நிற்கவைத்து, "ஏளா, ஒன் மாப்பிள்ளைக்கும் இதைத்தான் போடுதியா?" என்று கத்துவான். அந்தச் சொல்லைத் தின்றே பதினோரு வருஷம் போய்விட்டது. இந்தத் தடவை ஆறு பேரும் சேர்ந்து குழு அமைத்து, முருகேஸ்வரி பெயரில் டிஜிட்டல் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அது நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகித்தான் டெண்டர் போட முடியும், போனில் ஆகாது.

ஆனால் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் குத்துக்கல்லாக நின்றது. உங்கள் கனெக்‌ஷன் பாதுகாப்பானது இல்லை என்று இங்கிலீஷில் பெரிய எழுத்து. டெண்டர் பக்கம் மட்டுமா? எதைத் தட்டினாலும் இதே பாட்டு.

மோடத்தை அணைத்துப் போட்டார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். வேல்ராஜின் போனிலிருந்து நெட் எடுத்துப் பார்த்தார்கள். வேறு பிரவுசரில் திறந்தார்கள், ஹிஸ்டரியை அழித்தார்கள். முக்கோணம் அசையவில்லை. டெண்டர் உதவி நம்பரில் பேசிய பெண் தேனாகப் பேசினாள்: "எங்க சர்வர் நல்லாயிருக்கு மேடம். பிரச்சினை உங்க சைடுலதான்."

"எங்க சைடுல என்னன்னு கேட்டா அதைச் சொல்ல மாட்டேங்கா, மூதேவி!" முருகேஸ்வரிக்கு அழுகை முட்டியது. திரேஸ்புரத்து பிரவுசிங் சென்டர்க்காரனோ, அந்தக் கையெழுத்துக்குரிய சாப்ட்வேர் தன்னிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டான்.

கம்ப்யூட்டரை விற்று மாட்டிக்கொடுத்த ஸ்டெபினுக்குப் பதினாறு தடவை போன் போட்டாயிற்று. அவன் நாசரேத்தில் தங்கச்சி கல்யாணத்தில், கோயிலுக்குள் இருந்தான். போன் ஊமையாகக் கிடந்தது.

முருகேஸ்வரி மட்டும் இன்று லீவு. இரண்டு மணிக்குக் கேன்டீன் வேலை முடிந்து மற்ற ஐந்து பெண்களும் வந்து வாசலில் நின்றார்கள். ஞானபாக்கியம் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, முருகேஸ்வரி முகத்தைக் கண்டதும் வாசலுக்கே திரும்பிப் போனாள்.

இரண்டு நாற்பத்தி நாலுக்கு ஸ்டெபினே கூப்பிட்டான். பின்னால் பந்திச் சத்தம்.

"ஏலே, என்ன கம்ப்யூட்டரைத் தந்து எங்க குடியைக் கெடுத்திருக்க!"

"அக்கா, ஏசுறதை அப்புறம் ஏசுங்க. அந்தப் பெரிய எழுத்தை விடுங்க. கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?"

அவள் அந்தப் பொடி எழுத்தை இதுவரை பார்க்கவேயில்லை. கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். நடுவில் டேட் என்று இருந்தது.

 ஸ்டெபின் மெதுவாகக் கேட்டான், "அக்கா, அன்னைக்கு வச்ச தேதியை மாத்தவே இல்லையா?"

முருகேஸ்வரி திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் வந்திறங்கிய போன திங்கட்கிழமை அஷ்டமி. வீட்டிலிருந்து விற்கும் பார்சல் சாப்பாட்டுக்கு முதல் பில் அன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும் என்றான் ஸ்டெபின். புது யாவாரத்தின் முதல் பில்லில் அஷ்டமித் தேதி விழுவதா? அவள் ஒற்றைக்காலில் நின்று, தேதியைப் போன சித்திரை ஒன்றுக்குத் தள்ளி வைக்கச் சொன்னாள். பிள்ளையார் சுழியோடு பில் வந்தது. மாத்திரட்டுமா என்று கேட்டவனை, நவமியும் கழியட்டும், நானே மாத்திக்கிடுதேன் என்று அனுப்பிவைத்ததும் அவளேதான். இன்றைக்கு வரை அதில் நெட்டைத் திறக்கவும் இல்லை; மணி சரியாக ஓடியதால் அதற்குக் கீழிருந்த தேதியை யாரும் கவனிக்கவில்லை.

"பத்து மாசம் பின்னால இருக்குக்கா உங்க கம்ப்யூட்டரு. வெப்சைட்டு இப்ப காட்டுற பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்னும் தேதியே வரலைன்னுல்லா அது நெனைக்கும்?"

தேதியை மாற்றினாள். முக்கோணம் போய்விட்டது! பக்கம் திறந்தபோது மணி இரண்டு ஐம்பத்தொன்று. பாஸ்வேர்டு ஒரு தடவை தப்பியது. போனுக்கு ஓடிபி வரவே ஒரு நிமிஷம். கையெழுத்தைச் செருகி, ஒவ்வொரு காகிதமாக ஏற்றினாள். மூன்று ஏறிவிட்டன. நாலாவது பாதியில் இருக்கும்போது பக்கத்தின் உச்சியிலிருந்த கடிகாரம் மூன்றைத் தொட்டது. நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி வந்து, பொத்தான் சாம்பலாகிப்போனது. அதன் மேல் அவள் ஏழெட்டுத் தடவை குத்தினாள்.

இனி வெடிப்பாள் என்று வேல்ராஜ் சுவரோரம் ஒதுங்கினான். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"நெட்டு சதி பண்ணிட்டாக்கா?" ஞானபாக்கியம் கேட்டாள். "பாழாப்போற கம்பெனி. நாம என்ன செய்ய முடியும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஐந்து பேரும் அதை நம்பத் தயாராக நின்றார்கள். வேல்ராஜும் பின்னாலிருந்து, ஆமான்னு சொல்லேன் என்பது போலப் பார்த்தான்.

"நெட்டு நல்லாத்தான் இருந்திச்சு," என்றாள் முருகேஸ்வரி. "நான்தான் நாள் பாக்கேன்னு தேதியை மாத்தி வச்சு, கெடுத்துப்போட்டேன்."

 ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஞானபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்குக் காலையில அந்தப் பேச்சிராஜா கிட்டதானாக்கா?"

"ஆமா. நாலு மணிக்கு வந்திரு."