அடிபட்ட பிள்ளைக்கு வழி விடுங்க

லியோன் தோஹாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சொந்த ஊரான ஆவூரில் வந்து இறங்கியதும் மேனேஜர் ஆகிவிடுவான். இந்த முறை ஒரு மாத லீவில் வந்தவன் மூன்று வாரத்தைத் தூங்கியே கழித்தான். லீவு முடிய ஆறு நாள் இருக்கும்போதுதான், தான் ஊருக்கு வந்ததே அண்ணன் குடும்பத்தோடு இருப்பதற்காக என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"சனிக்கிழமை எல்லாரும் அலைக்குதிரை போறோம். டிக்கெட்டு ஆன்லைன்ல போட்டாச்சு," என்றான்.

அலைக்குதிரை என்பது புதுக்கோட்டையைத் தாண்டித் திருமயம் போகிற ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த தீம் பார்க். லியோனின் அண்ணி சோபியா அவனை நம்ப முடியாமல் பார்த்தாள். அவளுடைய ஏழு வயது மகள் ஜெனிபர் சைக்கிளில் இருந்து விழுந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இடது கையில் உள்ளங்கையில் இருந்து முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு.

"டாக்டர் தண்ணியே படக்கூடாதுன்னுருக்காரு தம்பி. ஆட்டம் குலுக்கலே ஆகாது. கட்டுப் பிரிச்ச பெறகு போவோமே."

"அப்ப நான் தோஹால இருப்பேன் அண்ணி. யாரு கூட்டிட்டுப் போவா, அண்ணனா?" என்று சிரித்தான் லியோன்.

அண்ணன் பால்ராஜும் சேர்ந்து சிரித்தான். கேலி தன்னைத்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தம்பியின் கேலிக்குச் சிரிப்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் எத்தனையோ விஷயங்களைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்த சோபியா, அந்தச் சிரிப்புக்கு மட்டும் பழகவில்லை.

"என்னயும் ஏத்துவாங்களா சித்தப்பா?" என்று கேட்டாள் ஜெனிபர்.

"ஒன்னய ஏத்தாம வேற யார ஏத்துவாங்க?"

சனிக்கிழமை சோபியாவும் கிளம்பினாள்.

பார்க்கின் வாசலில் சிமெண்டுக் குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. லியோன் அதன் முன்னால் பன்னிரண்டு படம் எடுத்தான். பன்னிரண்டிலும் அவன் நடுவில் இருந்தான். உள்ளே ஒலிபெருக்கி அலறியது. பெரிய படகு ஊஞ்சலுக்கு முன்னால் வரிசை பாம்பாக வளைந்திருந்தது. கறம்பக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

லியோன் வரிசையைப் பார்த்து முகம் சுளித்தான். பிறகு ஏதோ தோன்றியவன் போல ஜெனிபரைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

"கைய நல்லா தூக்கிக் காட்டு செல்லம்," என்று சொல்லிவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க, அடிபட்ட புள்ள! வழி விடுங்க!" என்று கூவிக்கொண்டே முன்னால் நடந்தான்.

ஜனங்கள் விலகினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்கினார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கட்டைத் தொட்டுப் பார்த்து, "எப்படிம்மா ஒடஞ்சுச்சு?" என்று கேட்டாள். ஜெனிபர் ராணி மாதிரி உட்கார்ந்து, "சைக்கிள்ல விழுந்துட்டேன்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஊஞ்சல் வாசலில் ரம்யா என்று பெயர் அட்டை மாட்டியிருந்த பெண் கையை நீட்டித் தடுத்தாள். "கட்டுப் போட்டவங்க ஏறக்கூடாது சார். போர்டுலயே எழுதிருக்கு."

"தெரியும்மா. ஏறப்போறது நான்தான்," என்றான் லியோன். பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி, கம்பிக்கு வெளியே நின்ற சோபியாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

படகு மேலே போகும்போதெல்லாம் ஜெனிபர் நல்ல கையை ஆட்டி, "சித்தப்பா! சித்தப்பா!" என்று கத்தினாள். அவன் பார்க்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துத் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்ததும், "அது பெரியவங்க ஏறுறது ஜெனிக்குட்டி. அடுத்தது ஒனக்குத்தான்," என்றான்.

அடுத்தது தண்ணீர்ச் சறுக்கு. அதே தோள், அதே கூவல். ஜெனிபர் கையை இன்னும் உயரமாகத் தூக்கினாள். அங்கேயும் தடுத்தார்கள். இந்த முறை லியோன் திரும்பி, "அண்ணே, நீயும் வா!" என்று கூப்பிட்டான்.

பால்ராஜ் மனைவியைப் பார்த்தான்.

"ஒரே ஒரு தடவ," என்றான். செருப்பை அவள் காலடியில் கழற்றி வைத்துவிட்டு ஓடினான். நாற்பது வயது ஆள், ஓடும்போது தொந்தி குலுங்கியது. சோபியா அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவதாக, ஒன்றோடொன்று மோதி விளையாடுகிற டாஷிங் கார். அண்ணனும் தம்பியும் உள்ளே போன பிறகு, ஜெனிபர் வாசலில் இருந்த போர்டின் முன் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். "எலும்பு முறிவு, கட்டு உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை."

"அம்மா, எல்லாத்துலயும் இப்படித்தான் எழுதிருக்கா?"

"ஆமா."

"சித்தப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும்."

ஜெனிபர் போர்டை இன்னொரு முறை வாசித்தாள். பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் லியோன் தலைமுடியைக் கோதிக்கொண்டே வந்தான். "வா வா ஜெனிக்குட்டி, அந்த ராட்டினத்துல கூட்டம் ஏறிப்போச்சு."

பிள்ளை கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. "நான் வரல."

"அட, சித்தப்பாவுக்காக ஒரே ஒரு வாட்டி." அவளுடைய நல்ல கையைப் பிடித்து இழுத்தபடியே, பக்கத்தில் ராட்டினத்துக்கு நின்ற வரிசை வரை போய்விட்டான்.

சோபியா பின்னாலேயே போனாள். ஆவூர்த் தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகளை அடக்குகிற குரல் அவளுக்கு உண்டு. வீட்டில் அதை அவள் பயன்படுத்தியதே இல்லை.

"கைய விடுங்க லியோன்."

வரிசை மொத்தமும் திரும்பியது.

"இந்தப் புள்ளய எதுலயும் ஏத்த மாட்டாங்க. அது இவருக்கும் தெரியும். இவரு முன்னாடி போறதுக்குத்தான் இவ கையி. மூணுல ஏறிட்டாரு, இது நாலாவது."

கைக்குழந்தைக்காரி அங்கேதான் நின்றிருந்தாள். "இதுக்காய்யா நாங்க ஒதுங்கினோம்? வெயில்ல பச்சப்புள்ளயோட நிக்கிறேன்," என்றாள்.

"சாருக்கும் ஒரு கட்டுப் போட்டு விடுங்கப்பா, பாவம், எத்தன நேரம்தான் நிப்பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சும்மா ஒரு ஜாலிக்கு..." என்று ஆரம்பித்தான் லியோன். ராட்டினத்தின் நிழலில் நின்றுகொண்டே கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடந்தான். வரிசையின் கடைசியில் போய் நிற்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

பத்து நிமிடம் கழித்து, சோபியாவும் ஜெனிபரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பால்ராஜ் ஐஸ்கிரீம் கடைப் பக்கமிருந்து வந்தான். சட்டை ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தது.

"அவன் மொகமே செத்துப்போச்சு சோபியா. ஊருக்குப் போற நேரத்துல... ஒரு வார்த்த சொல்லிரேன்."

"என்ன வார்த்த?"

"சாரின்னு."

சோபியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அந்தத் தண்ணியில சறுக்குனீங்களே, எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சு!" பால்ராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "மேல இருந்து விடுறப்ப வயித்துக்குள்ள அப்படியே..."

அப்புறம்தான் அவனுக்கு விளங்கியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையைப் பிழிந்தான்.

சோபியாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் சண்டை போடலாம். சண்டை போட எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பால்ராஜ் நாலடி பின்னால் வந்தான். ஐஸ்கிரீம் கடை அருகே நின்றுவிட்டான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் ஜெனிபர் அழுதாள்.

"நானும் பொய் சொன்னேனாம்மா? கைய நான்தான தூக்கினேன்?"

"இல்ல. ஒன்னய ஏத்துவாங்கன்னு நெனச்சுத் தூக்கின. தெரிஞ்சதும் தூக்கல, அவ்வளவுதான்," என்று முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள் சோபியா.

புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் போன் சிணுங்கியது. குடும்ப குரூப்பில் லியோன் ஒரு படம் போட்டிருந்தான். தோளில் ஜெனிபர், கீழே அவன் பல். 'அடிபட்ட என் தேவதையை மகிழ்வித்த நாள்' என்று எழுதியிருந்தான். அதற்குள் சொந்தக்காரர்கள் பதினேழு இதயம் போட்டுவிட்டார்கள். பதினேழில் ஒன்று பால்ராஜுடையது.

"அப்பா வரலையாம்மா?" என்று கேட்டாள் ஜெனிபர்.

"வருவாங்க," என்றாள் சோபியா, போனைப் பைக்குள் போட்டபடி. "அவங்க இன்னும் வெளயாடி முடிக்கல."