பெட்டிக்குள் புகுந்த ஈரம்

திரையில் ஓடிய கோட்டில் அந்தப் பள்ளத்தைக் கண்டதும் அவன் கத்தியே விட்டான். பக்கத்து அறையிலிருந்து மனைவி கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"என்னங்க, கிரிஸ்டல் ஒடைஞ்சிருச்சா?"

"வாயைக் கழுவு முதல்ல. இதைப் பாரு."

பார்த்தாள். கையுறை விரலாலேயே பள்ளத்தைத் தொட்டாள்.

படிகம் வளர்ப்பது அவள் வேலை, அளப்பது அவன் வேலை. அவன் செலுத்துவது டெராஹெர்ட்ஸ் அலை. அகச்சிவப்புக்கும் மைக்ரோவேவுக்கும் நடுவே கிடப்பது. படிகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஒத்துவரும் அலையைப் படிகம் விழுங்கிவிடும். விழுங்கிய இடத்தில் கோடு பள்ளமாகும். பள்ளம் விழுந்தால் அடுக்குகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

அவளோ படிகம் வளர்க்கும் உலையோடு மல்லுக்கட்டி, விரலெல்லாம் சூடு வாங்கி, உடைசலாகவே அள்ளிக் கொட்டியவள். முழுசாக வந்தது இது ஒன்றுதான். மதியம் துறைத்தலைவர் பார்க்க வருகிறார். பள்ளம் இருந்தால் உலை அவளிடமே இருக்கும். இல்லாவிட்டால் எதிர் அறைக்காரர்களுக்குப் போய்விடும். அவர்கள் இப்போதே தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"அந்த வண்டியில அவங்களையே ஏத்தி அனுப்புறேன் பாருங்க" என்று சிரித்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

படிகத்தை உள்ளே வைத்து அளக்கும் பெட்டியை அவன் துடைக்கப் போனபோது ஈரமானி கண்ணில் பட்டது. எண் ஏறியிருந்தது. குனிந்து பார்த்தால், பெட்டிக்குள் ஈரம் அண்டாமலிருக்க உலர்ந்த நைட்ரஜன் வரும் குழாய் கழன்று தொங்குகிறது.

அவன் செய்த வேலைதான். வெறும் பெட்டியை அளந்துவிட்டுப் படிகத்தை வைத்து மூடியவன், மனசு கேட்காமல் மூடியைத் தூக்கி இன்னொரு தரம் பார்த்தான். அப்போது முழங்கை குழாயில் பட்டிருக்க வேண்டும். காற்றிலிருக்கும் நீராவியும் இந்த அலையை விழுங்கும். எந்தெந்த இடத்தில் விழுங்கும் என்பது அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் படிகத்தின் பள்ளம் விழ வேண்டிய இடம் நீராவியின் இடத்தை ஒட்டியே இருந்தது. ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டான்.

துறைத்தலைவருக்கு இது தெரிய வழியில்லை. வாயை மூடிக்கொண்டால் உலை தப்பிக்கும். அவன் குழாயை மாட்டினான். ஈரம் வெளியேறும்வரை நின்றான். மறுபடி அளந்தான். பள்ளம் போயே போய்விட்டது.

கழுவுதொட்டிக்கு அருகே அவள் ஈர முகத்தோடு நிமிர்ந்தாள். "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"அது தண்ணிம்மா. கிரிஸ்டல் இல்ல. குழாய் கழண்டிருந்துச்சு. மாட்டிட்டு மறுபடி அளந்தேன், பள்ளம் போயிருச்சு."

"எவன் கழட்டினது?"

"நான்தான். அதை இன்னொரு வாட்டி பார்க்கணும்னு மூடியத் தூக்கினேன்."

"என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படி ஆசையா பார்த்திருக்கீங்களா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. "மறுபடி எதுக்கு அளந்தீங்க? சும்மா இருந்திருக்கலாம்ல?"

"உன் கிரிஸ்டலாச்சே."

"பொய். எவன் கிரிஸ்டலா இருந்தாலும் அளந்திருப்பீங்க. அதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்." முகத்தை அவன் சட்டைத் தோளிலேயே அழுத்தித் துடைத்தாள்.

துறைத்தலைவரிடம் அவளே சொன்னாள். "காலையில ஒரு பள்ளம் வந்துச்சு, அது நீராவி சார். நிஜக் கோடு இதுதான்." அவர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் உலையைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

வண்டி உள்ளே வந்தது. "சாய்க்காதீங்கப்பா, உள்ள கண்ணாடிக்குழாய் இருக்கு" என்று கத்திக்கொண்டே எதிர் அறைவரை கூடப் போனாள். திரும்பி வந்து தன் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உலை இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. உள்ளே போகவில்லை; நேரே கணவனின் அறைக்கு வந்தாள்.

"கிரிஸ்டலைக் குளிர வச்சு அளந்தா?"

"பள்ளம் கூர்மையாகும். இருந்தா தெரியும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னு தெரியும்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து, அவன் தோள் இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, வைங்க. பார்ப்போம்."