கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பெயர்

என் தம்பியின் பெயரை உங்களிடம் சொல்ல முடியாது. மறைப்பதில் எனக்கு என்ன லாபம்? அவனுடைய பெயரையே வைத்திருந்த ஒருவன் போன வாரம் பக்கத்து ஊரில் செத்துப்போனான். இறந்தவன் பெயரை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம், எழுதவும் மாட்டோம். அதே பெயர் உள்ளவர்கள் எல்லோரையும் அன்றிலிருந்து குன்மனாரா என்றுதான் கூப்பிடுவோம். துக்கம் தீர ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், அதுவரை அப்படித்தான். இந்த மனுஷன் கோர்ட்டு வந்து போன பிறகு செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பாவம்தான், ஆனாலும் நினைத்தேன்.

நீதிபதி அம்மா பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் ஊர் உப்புக்கிணற்றுக்கு எப்போதாவதுதான் விமானத்தில் வருவார். ஊர்க் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, இருட்டுவதற்குள் எல்லார் தலையெழுத்தையும் முடித்துவிட்டுப் பறந்துவிடுவார்.

தம்பி லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டி மாட்டியவன். ஒரு தடவை மாட்டினால் புத்தி வர வேண்டாமா? கடைசியாகக் கால்பந்துப் போட்டிக்கு ஆள் ஏற்றிப் போகும்போது பிடித்தார்கள். லைசென்ஸ் வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். எழுத்தே தெரியாதவன் எந்தப் பரீட்சையை எழுதுவான்? சென்ற முறை நீதிபதி அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "பெரியவங்க வகுப்புல சேர்ந்து படிங்க. அடுத்த தடவை வந்து காட்டுங்க, விட்டுடறேன். வரலேன்னா ஜெயில்தான்."

சேர்ந்தான். நாற்பது வயதுக்காரன், ஜாய்லீன் நடத்தும் வகுப்பில் முட்டி மேசையில் இடிக்க உட்கார்ந்து எழுதினான். முதலில் கற்றுக்கொண்டது தன் பெயரைத்தான். தண்ணீர்த் தொட்டி, கார்க் கதவின் தூசி, என் மாவு டப்பா என்று ஓரிடம் விடவில்லை, எல்லாவற்றிலும் அதையே எழுதி வைத்தான். சாவுச் செய்தி வந்த அன்று ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி, அவனே அத்தனையையும் அழித்தான்.

கோர்ட்டு நாளன்று விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கு வெளியே மரத்தடியில் அவன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். நான் மரத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, உக்காரு. நீ நடக்குற நடையில தரை தேஞ்சிரும்."

"உனக்கென்னடா, நீ உள்ள போயிருவ. உன் மூணு பிள்ளைங்களுக்கு யாரு ரொட்டி சுட்டுப் போடுறது? உன் மச்சானா?"

"அவன் சுட்டா நாய்கூடத் திங்காது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலை ஒட்டி ஐவி உட்கார்ந்திருந்தாள். செத்தவனைப் பெற்றவள். எங்கள் துக்க வழக்கப்படி தலையெல்லாம் வெள்ளை மண் பூசியிருந்தாள். அவளுடைய இளைய மகனுக்கும் அன்றைக்குத்தான் வழக்கு. துக்கத்தோடு துக்கமாக அதற்கும் வந்திருந்தாள்.

நகரத்திலிருந்து வந்த புது குமாஸ்தா கதவைத் திறந்து, தம்பியின் பெயரை உரக்கக் கூப்பிட்டான்.

ஐவி குனிந்து துணியால் தலையை மூடிக்கொண்டாள். அந்த மடையன் மறுபடியும் கூப்பிட்டான். தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிச்சுப் போடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"எப்படிக்கா? அந்தப் பேரக் கூப்பிட்டதும் நான் எந்திரிச்சு நின்னா, அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்? அவங்க மகன் இனிமே எந்திரிக்க மாட்டானே."

மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, "ஆள் வரல," என்று குமாஸ்தா தாளில் கிறுக்கினான். ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்திருக்கான் சார். அதோ, சிவப்புத் தொப்பி."

"பேரச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"அப்புறம் அவர்தான்னு நான் எப்படி எழுதுறது?"

"உங்க போலீஸ்காரரக் கேளுங்க. மூணு தடவ புடிச்சவரு, மூஞ்சி மறந்தா போயிருக்கும்?"

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவன்தான்," என்றார்.

உள்ளே போனோம். "கூப்பிட்டப்ப ஏன் வரல?" என்று நீதிபதி அம்மா கேட்டார். நான்தான் பின்னால் இருந்து, "அந்தப் பேரு துக்கத்துல இருக்கும்மா," என்றேன். அவர் திறந்திருந்த கதவு வழியாக ஐவியின் வெள்ளைத் தலையைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"படிச்சீங்களா?"

"ஆமா."

எங்கள் ஆட்கள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. அப்படி ஆமாம் போட்டே ஜெயிலுக்குப் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். நீதிபதி அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும் போல. மேசையில் இருந்த தாளை நீட்டி, "இதப் படிங்க," என்றார்.

தாளின் தலைப்பில் அவன் பெயர் அச்சடித்திருந்தது. தம்பி கட்டைவிரலை அதன் மேல் வைத்து மூடினான். அடுத்த வரியிலிருந்து தொடங்கினான்.

"லைசென்ஸ்... வாங்கும்வரை... கார்... ஓட்டக் கூடாது." நெற்றியில் வேர்வை வழிந்தது. "வகுப்புக்கு... தொடர்ந்து... போக வேண்டும்." கடைசி வரிவரை போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டைவிரல் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

"ஜெயில் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க," என்றார் நீதிபதி அம்மா.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த ஆளைத் தேடி வெளியே போயிருந்த குமாஸ்தா வந்து பேனாவைக் கொடுத்தான். கதவோரத்திலிருந்து ஐவி பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி முழுக்க எழுதிய கை, பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றது. பிறகு குனிந்து ஒரு பெருக்கல் குறி போட்டான். எங்கள் அப்பா வாழ்நாளெல்லாம் போட்ட அதே குறி. குமாஸ்தா உதட்டைப் பிதுக்கி, பக்கத்தில் ஏதோ எழுதி முத்திரை குத்தினான். ஒரு நகலைத் தம்பியிடம் கொடுத்தான்.

வெளியே வந்ததும் தம்பி தாளை வெயிலில் பிடித்து, குறிக்குப் பக்கத்தில் விரலை வைத்தான்.

"எழுதப்... படிக்கத்... தெரியாதவர்." என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, யாரச் சொல்றான் இவன்?"

நான் சிரிக்கவில்லை. அந்தக் குமாஸ்தாவை நாலு கேள்வி கேட்கலாம் என்று திரும்பினேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுக்கா. போன வருஷம் இப்படி எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

பொழுது சாயும்போது விமானம் கிளம்பிப் போனது. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லும் தாளும் அதில்தான் போனது.